ஐஸ் பெட்டி வாங்கும் முன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. மதுரைக்குக் காரில் வரும்போது சாப்பாடு கெடாமல் கொண்டுவர நீ வாட்ஸப்பில் அனுப்பிய நாலு ஐஸ் பெட்டிகளின் படத்தையும் பெரிதாக்கி, கீழே போட்டிருந்த விவரம் எல்லாவற்றையும் படித்தேன். "எதும்மா வாங்கலாம்?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், இரண்டாவது படத்தில் இருக்கிற 25 லிட்டர் பெட்டி. ஏன் என்று போனில் சொல்ல ஆரம்பித்தால் பேரன் நடுவில் போனைப் பிடுங்கிவிடுவான். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். அவருக்கு அந்த மூன்றாவது பெட்டி மேல் கண் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எந்தப் பெட்டியானாலும் அது குளிர்ச்சியை உண்டாக்காது. நீ உள்ளே வைக்கிற ஐஸ்தான் குளிர்ச்சி. வெளிச்சூடு உள்ளே வருவதைப் பெட்டி தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வேலையில் இருந்த காலம் முழுக்கப் புதன்கிழமை தவறாமல் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவள் நான். நீயும் சின்ன வயதில் அந்த நீலப் பெட்டியைப் பார்த்திருக்கிறாய். வெளியே பார்க்கப் பெரிதாக இருக்கும். உள்ளே மருந்து வைக்கிற இடம் இரண்டு லிட்டர்கூட வராது. மீதியெல்லாம் சுவரும் ஐஸும்தான். நாலு பக்கமும் நாலு ஐஸ் பேக், நடுவில் கவருக்குள் மருந்துக் குப்பிகள், மேலே கனமான மூடி. சித்திரை வெயிலிலும் முகாம் முடிகிற வரைக்கும் மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்சாரம் எதுவும் கிடையாது. சுவர் தடிமன், மூடியின் இறுக்கம், போதுமான ஐஸ், அநாவசியமாகத் திறக்காத கை, இந்த நாலும்தான் அதைக் காப்பாற்றும். நீ வாங்கப்போகிற பெட்டிக்கும் இதுவேதான் கணக்கு.

இப்போது உங்கள் பயணத்தைப் பார். ஹைதராபாத்தில் விடியற்காலை கிளம்பி, கர்நூல், அனந்தபூர் வழியாகச் சாயங்காலம் பெங்களூரில் அண்ணன் வீடு. மறுநாள் ஓசூர், சேலம், கரூர், திண்டுக்கல் வழியாக இங்கே. குழந்தைக்காக நிறுத்தி நிறுத்தி வந்தால் ஒவ்வொரு நாளும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள். நடுவில் ஒரு ராத்திரி அண்ணன் வீட்டு ஃப்ரீசர் இருக்கிறது, ஐஸ் பேக்கை மறுபடி உறைய வைத்துக்கொள்ளலாம். ஆக, உனக்கு வேண்டியது பன்னிரண்டு மணி நேரம் தாங்குகிற பெட்டி. மூன்றாவது படத்தில் "ஐந்து நாள் ஐஸ் கரையாது" என்று போட்டிருக்கிறதே, அது உனக்கு எதற்கு? அந்த ஐந்து நாள் கணக்கும் பெட்டி நிறைய ஐஸைக் கொட்டி, திறக்காமல் வைத்துப் பார்த்த கணக்காகத்தான் இருக்கும். கர்நூல் வெயிலில், பின் சீட்டில் ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு பார்த்த கணக்கு இல்லை.

அந்தப் பெட்டி மோசம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வார்ப்பாக வார்த்த கெட்டிப் பெட்டி, தடிமனான சுவர், மூடி ஓரம் முழுக்க ரப்பர், இழுத்து மாட்டுகிற கொக்கி என்று எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. படகில் போய் நாலு நாள் மீன் பிடிக்கிறவர்களுக்கும், காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களுக்கும் சரியான பொருள். ஆனால் காலியாகவே பத்துக் கிலோ கிட்ட இருக்கும். அதற்குத் தகுந்த ஐஸும் சாப்பாடும் போட்டால் முப்பது கிலோவைத் தாண்டும். அதை டிக்கியிலிருந்து தூக்கி இறக்கப் போவது யார்? மாப்பிள்ளைக்குப் போன வருஷம்தான் இடுப்பு பிடித்தது. அதோடு, பெரிய பெட்டியைப் பாதி காலியாகக் கொண்டுபோனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே இருக்கிற குளிர்ந்த காற்று போய்ச் சூடான காற்று புகும். அதைக் குளிரவைக்கவே ஐஸ் கரையும். சின்னப் பெட்டியை நிறைய அடைத்துக்கொண்டு போவதுதான் நல்லது. மிச்ச இடம் இருந்தால் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து அடைத்துவிடு.

நாலாவது படத்தில் இருக்கிற, காரில் சிகரெட் லைட்டர் துளையில் சொருகுகிற பெட்டியைப் பற்றி நீ தனியாகவே கேட்டிருந்தாய். அதில் இரண்டு ஜாதி உண்டு. வீட்டு ஃப்ரிட்ஜ் போலவே கம்ப்ரெஸர் வைத்தது ஒன்று. அது நிஜமான ஃப்ரிட்ஜ், வெளியே நல்ல சூடாக இருந்தாலும் ஐஸே உறையவைக்கும், விலையும் பல மடங்கு. நீ அனுப்பியது அது இல்லை. விலையைப் பார்த்தாலே தெரிகிறது. இது பெல்டியர் தகடு வைத்த ஜாதி. மின்சாரம் பாய்ந்தால் தகட்டின் ஒரு பக்கம் குளிரும், இன்னொரு பக்கம் சுடும். சுடுகிற பக்கத்தின் சூட்டை ஒரு சின்ன மின்விசிறி வெளியே தள்ளும். இதனால் வெளிச் சூட்டைவிடப் பதினைந்து, இருபது டிகிரி குறைக்க முடியும், அதற்கு மேல் முடியாது. காருக்குள் 40 டிகிரி என்றால் பெட்டிக்குள் 20, 25. பால் கெட்டுப்போக அது போதும். சாப்பிட வண்டியை நிறுத்தி அணைத்தால் அதுவும் நின்றுவிடும், வெளிச்சூடு அந்தத் தகடு வழியாகவே உள்ளே திரும்பும். அணைத்த வண்டியில் ஓடவிட்டால் பேட்டரி இறங்கும். ஏற்கெனவே குளிர்ந்த பாட்டிலைக் குளிர்ச்சி போகாமல் கொண்டுபோவதற்கு ஆகும். உங்களோடு வருகிற உன் அத்தையின் இன்சுலினை நம்பி வைக்க ஆகாது.

முதல் படத்தில் இருக்கிற, சூடு தடுக்கிற துணிப்பையையும் வாங்கு, அது வேண்டும். ஆனால் அது சாப்பாட்டுக்கு இல்லை, குடிக்கிறதுக்கு. தண்ணீர், மோர், ஜூஸ் எல்லாம் அதில் போகட்டும். பேரன் அரை மணிக்கு ஒரு தடவை அதைத்தான் திறக்கச் சொல்வான். சாப்பாட்டுப் பெட்டி மதியம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை திறந்தால் போதும்.

25 லிட்டர் பெட்டியை ஆன்லைனில் போடாதே. கடைக்குப் போய்த் தொட்டுப் பார்த்து வாங்கு. மூடியை விரலால் தட்டிப் பார். பல கம்பெனிக்காரர்கள் சுவருக்குள் நுரை அடைத்துவிட்டு மூடியை வெறும் கூடாக விட்டுவிடுகிறார்கள். தட்டினால் டொக்கு டொக்கு என்று வெற்று டப்பாச் சத்தம் வரும். நுரை இருந்தால் சத்தம் அமுங்கி, கெட்டியாகக் கேட்கும். இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பெட்டிகள் கழிந்துவிடும். அப்புறம் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பார். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போகும். நாலு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும். சுவருக்குள் என்ன நுரை என்று கேள். பாலியூரித்தேன் நுரை என்றால் நல்லது. அதே தடிமனில் தெர்மாகோலைவிட அது சூட்டைக் கூடுதலாகத் தடுக்கும். தெர்மாகோலையும் மட்டமாக நினைக்காதே. தூத்துக்குடியிலிருந்தும் ராமேஸ்வரத்திலிருந்தும் மதுரைக்கு மீன் அதில்தான் வருகிறது. உடைந்துபோகும், வாடையைப் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் அதில் குறை. தண்ணீரை வடிக்க அடியில் ஒரு திருகு மூடி இருந்தால் சௌகரியம். சக்கரம், கோப்பை வைக்கும் பள்ளம், இதற்கெல்லாம் காசு கொடுக்காதே.

ஐஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கிராம் ஐஸ் கரையும்போது 80 கலோரி சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பார். 35 டிகிரியில் இருக்கிற இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பெட்டியில் வைத்தால், அதை 5 டிகிரிக்குக் கொண்டுவரவே முக்கால் கிலோ ஐஸ் கரைந்துபோகும். அதனால் உள்ளே போகிற எதுவும் முந்தின நாளே ஃப்ரிட்ஜில் இருந்து சில்லென்று ஆகியிருக்க வேண்டும். பெட்டியையும் முதல் நாள் ராத்திரியே கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வை, இல்லாவிட்டால் அதன் சுவரைக் குளிர்விக்கவே உன் ஐஸ் செலவாகும். சூடான சாப்பாட்டை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே வைக்காதே.

ஐந்து கிலோ ஐஸ் போதும். சின்னச் சின்னக் கட்டிகளாக வேண்டாம், சீக்கிரம் கரைந்துவிடும். ஒரு லிட்டர் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு, இரண்டு நாள் முன்பே ஃப்ரீசரில் வைத்துவிடு. கரைந்தபின் குடிக்கவும் ஆகும். வழியில் ஐஸ் தீர்ந்துவிட்டது என்று ஐஸ் கம்பெனியில் பார் ஐஸ் வாங்கினால், அது குடிக்கிற தண்ணீரில் போட்டதா என்று தெரியாது. கவரில் கட்டி வை, சாப்பாட்டில் படாமல் பார்த்துக்கொள்.

பெட்டியை டிக்கியில் போடாதே. முன் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கிற இடத்தில் ஏசி காற்று படும்படி வை. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட இருபது டிகிரி கூட ஏறும். சாப்பிட இறங்கினால் வண்டியை நிழலில் விட்டு, பெட்டி மேல் ஒரு வெள்ளைப் போர்வையைப் போட்டு மூடிவிட்டுப் போ. வெளிச்சுவர் ஓர் இடத்தில் மட்டும் வியர்த்திருந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. அந்தப் பக்கத்தில் பாலை வைக்காதே.

பெட்டிக்குள் என்ன போகவேண்டும் என்பதையும் யோசி. நம் கட்டுச்சோற்றுக்கு ஐஸ் தேவையே இல்லை. புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தி எல்லாம் அன்றைக்குச் சாயங்காலம் வரை வெளியிலேயே இருக்கும். தேங்காய்ச் சட்னி மட்டும் கட்டாதே, முதலில் கெடுவது அதுதான். பால், தயிர், அவித்த முட்டை, நறுக்கிய பழம், இவைதான் பெட்டிக்கு. கறி, மீன் எடுத்தால் அடியில் தனி டப்பாவில். இந்த மாதிரிப் பொருள் எதுவும் பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். சூடு பட்டால் அது நிறம் மாறும், சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான். தயிருக்கும் முட்டைக்கும் அப்படிக் கட்டம் கிடையாது. அதனால் கம்பி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே போட்டுவிடு. சில நூறு ரூபாய்தான். 5 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்றால் யோசிக்காமல் கொட்டிவிடு. பேரனுக்குக் கொடுக்காதே.

இப்போது அத்தையின் இன்சுலின். இதைத்தான் கவனமாகப் படிக்கணும் கண்ணு. சூட்டுக்குப் பயப்படுகிற அளவுக்கு உறைவதற்கும் பயப்பட வேண்டும். தடுப்பூசியிலும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் எல்லாம் அப்படித்தான், உறைந்தால் அதோடு போச்சு. ஒரு தடவை உறைந்த இன்சுலின் மறுபடி கரைந்து, பார்க்க நன்றாக இருந்தாலும் போடக்கூடாது. அதனால் நாங்கள் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் வைக்க மாட்டோம். மேலே படிந்த வெள்ளைப் பனியைத் துடைத்து, மேஜையில் வைத்துக் காத்திருப்போம். காதோரம் பிடித்து ஆட்டும்போது உள்ளே தண்ணீர் லேசாகச் சலசலக்கும். அந்தச் சத்தம் வந்தால் பேக் பூஜ்ஜியத்துக்கு வந்துவிட்டது, இனி மருந்தை உறையவைக்காது என்று அர்த்தம். நீயும் இன்சுலினுக்கு வைக்கிற பேக்கை அப்படியே செய். சாப்பாட்டுக்கு வைக்கிற ஐஸுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம். பிரிக்காத குப்பிகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, டப்பாவைத் துண்டில் சுற்றி, ஐஸில் நேராகப் படாமல் பெட்டியின் மேல்பகுதியில் வை. தெர்மாமீட்டர் கம்பி அந்த டப்பா பக்கத்தில் இருக்கட்டும். இப்போது போட்டுக்கொண்டிருக்கிற பேனாவுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம், பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்குள் நாலு வாரம் இருக்கும். ஆனால் மே மாதக் காருக்குள் 30 எங்கே இருக்கப்போகிறது? அது அத்தையின் கைப்பையிலேயே இருக்கட்டும், அவர்கள் இறங்கும்போது கூடவே இறங்கட்டும். அவர்களுடைய இன்சுலினுக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

இங்கே வந்து கொடைக்கானல் போகணும் என்றாயே, அதற்கும் இதே பெட்டி போதும். மேலே போனால் பாதி வேலை குளிரே செய்துவிடும். ஆனால் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே தடை, அதனால் மலைக்கு உறைந்த பாட்டில் வேண்டாம், ஜெல் ஐஸ் பேக் நாலு வாங்கிக்கொள். கொடைக்கானல் போகிற வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கிற அனுமதிச் சீட்டு, அதுதான் இ-பாஸ், அதை எடுக்க மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவை. நம் ஃப்ரீசரில் மேல் தட்டை உங்களுக்காக ஒழித்து வைக்கிறேன்.

பெட்டி வாங்கியதும் மூடியைத் தட்டி வீடியோ எடுத்து அனுப்பு, சத்தத்தைக் கேட்டுச் சொல்கிறேன். சரியில்லை என்றால் பில்லைப் பத்திரமாக வைத்திரு, மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா