மண்ணுக்கு என்ன விலை?

மதுரை

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லோரும் நலம். உன் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நம் ஹாஸ்டல் வார்டன் அக்கா சொன்னார். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு, அவர் "போதும்" என்றால் நம்பாதே.

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீ பேங்க் கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு "ம்... ம்..." என்பாய், பாதியில் யாராவது செக்கை நீட்டுவார்கள். இது பாதியில் நிற்கிற விஷயம் இல்லை.

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு புடவைக் கடைக்காரர் வந்தார். கைத்தறிப் புடவைகளோடு வைத்து விற்க சுடுமண் ஜிமிக்கி முந்நூறு ஜோடி வேண்டும், சித்திரைக்குள். நான் 320 ரூபாய்க்குக் கொடுக்கிற ஜோடியை 150க்குக் கேட்டார். அதுவும் விற்ற பிறகுதான் பணம், விற்காதது திரும்பி வரும். அட்டையில் அவர் கடைப் பெயர் மட்டும்தான் இருக்கும். இதையெல்லாம் கூட வியாபாரப் பேச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு ஜிமிக்கியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "மண்ணுதானே மேடம், இதில் என்ன அசல் போட்டிருக்கப் போகிறீர்கள்?" என்றார்.

அசல் என்ன என்று உனக்குச் சொல்கிறேன். நீதான் கணக்குப் புலி.

மண் மானாமதுரையிலிருந்து வருகிறது. கடம் செய்கிற அதே ஊர்தான். அந்த ஊர் மண்பாண்டங்களுக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கண்மாய் மண்ணை ஊறவைத்துத் துணியில் வடிகட்ட வேண்டும். மணல் பருக்கை ஒன்று உள்ளே தங்கினாலும், பிசையும்போது ஒரு காற்றுக் குமிழ் நின்றாலும், சூளையில் போய் வெடிக்கும். பிறகு அதைத் தட்டையாக்கி, கோலிக்குண்டின் மேல் கவிழ்த்துக் கிண்ணமாக்கி, விளிம்பு முழுக்கக் கடுகளவு உருண்டைகளை ஒவ்வொன்றாக மண் கூழ் தொட்டு ஊசி முனையால் ஒட்ட வேண்டும். ஒரு காதுக்கு ஒட்டியதைப் போலவே மறு காதுக்கும் வர வேண்டும். ஈரம் போவதற்குள் உச்சியில் நிக்ரோம் கம்பி வளையத்தைச் செருக வேண்டும், சாதாரணக் கம்பி சூளைச் சூட்டைத் தாங்காது. காய வைப்பது நிழலில்தான். ஃபேன் போட்டால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து விரிசல் விடும். மே மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் ஃபேன் ஓடாது என்று உனக்குத் தெரியுமே, வியர்த்து வழிந்துகொண்டு திட்டினாயே!

சூளை என்றால் மொட்டை மாடியில் இருக்கிற அந்தத் தகர டிரம்தான். உமியும் வரட்டியும். முதலில் மெல்லச் சூடேற்ற வேண்டும், உள்ளே மிச்சமிருக்கிற ஈரம் ஆவியாகி மெதுவாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் பட் பட்டென்று சத்தம் கேட்கும், மனசு பதறும். ஆறின பிறகு ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். 'கணீர்' என்று வந்தால் சரி. சத்தம் மழுங்கினால் உள்ளே விரிசல், அது கடைக்குப் போகாது.

கறுப்பு செட் உனக்கு ரொம்பப் பிடிக்கும் இல்லையா, அதற்குப் பெயிண்டே கிடையாது. காற்று போகாமல் மூடிச் சுட்டால் அதே செம்மண் கறுப்பாகிவிடும். கீழடியில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளிலும் இந்த வித்தைதான். கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப் புகாத உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. போன தடவை "நேரமில்லை, நேரமில்லை" என்று அருங்காட்சியகம் பார்க்காமல் ஓடிவிட்டாய். இந்த முறை விடமாட்டேன். இரண்டாயிரம் வருஷத்துக்கும் முந்தைய சுடுமண் மணிகளைப் பார்த்துவிட்டு, "மண்ணுதானே" என்று யாராவது சொல்லட்டும்.

இப்போது ரூபாய்க் கணக்கு. மண், பெயிண்ட், கொக்கி, டப்பா எல்லாம் சேர்த்து ஜோடிக்கு 45 ரூபாய். கை வேலை இரண்டரை மணி நேரம், மணிக்கு 80 ரூபாய் வைத்தால் 200. சூளையில் உடைவதற்கும் அடுத்த சரக்கு வாங்குவதற்கும் மிச்சம் 75. இதில் 150க்கு எங்கே வெட்டுவது? வெட்டினால் கூலியைத்தான் வெட்ட வேண்டும். அதில் பாதி என் கூலி இல்லை மாலதி, எதிர்வீட்டு அக்காவுடையது.

அக்காவை உனக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் போன பிறகு யார் வீட்டு வாசலிலும் நிற்கமாட்டேன் என்று இருந்தவர். இப்போது தேய்த்து வழவழப்பாக்குவதும் உருண்டை ஒட்டுவதும் அவர்தான். என்னைவிட நேர்த்தி. ஜூனில் பெண்ணின் காலேஜ் ஃபீஸை அவரே போய்க் கட்டினார். ரசீதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் வேலைக்கு உட்கார்ந்தார். அந்தக் கையின் விலையைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை.

அதனால் முடியாது என்று சொல்லிவிட்டேன். ஐம்பது ஜோடி, ஜோடி 260, பாதிப் பணம் முன்னால், அட்டையில் எங்கள் பெயரும் இருக்கும், இஷ்டமென்றால் சொல்லுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் "ஆர்டரை விட்டுட்டியே" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். விட்டால் விட்டதுதான். சவரன் லட்சத்தைத் தாண்டிய பிறகு, புடவைக்குப் புடவை மேட்சாகத் தங்கம் வாங்க யாரால் முடியும்? கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. எங்களுக்குக் கைதான் போதவில்லை.

அங்கேதான் நீ வேண்டும். சின்ன மின்சூளை ஒன்று வாங்கலாம் என்று ஆசை. மழைக்காலத்தில் டிரம்மை நம்பி ஒன்றும் செய்ய முடியவில்லை, புகைக்கு மாடி வீட்டு மாமியும் சண்டைக்கு வருகிறார். 2025ல் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தொடங்கினார்களே, 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். 35 வயது முடிந்திருக்க வேண்டுமாம். அந்தத் தகுதி நமக்கு எப்போதோ வந்துவிட்டது, நீ இன்னும் முப்பத்திரண்டு என்று சொல்லித் திரிந்தாலும்! சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு நானே ஆன்லைனில் போட்டுவிட்டேன். அது இலவசம்தான், ஆனால் இங்கே ஒரு சென்டரில் அதற்கும் காசு கேட்டார்கள். கடன் மனுவைப் பார்க்கும்போது பேங்கில் முதலில் எதைத் தேடுவீர்கள்? விற்ற கணக்கை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், அது போதுமா, இல்லை பணமெல்லாம் அக்கவுண்ட் வழியாக வந்திருக்க வேண்டுமா? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. உங்கள் பேங்க் சர்க்குலர் மாதிரி எழுதாதே.

அப்புறம், உன் நாத்தனார் கேட்ட பச்சை செட்டுக்கு முந்தானையைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல். டியூப்லைட்டில் எடுத்தால் பச்சை நீலமாகத் தெரிகிறது. அவருக்குக் காது ஓட்டை தளர்ந்திருக்கிறதா என்றும் கேள். அப்படியென்றால் கனமில்லாமல் செய்து, மாட்டலோடு தருகிறேன்.

அன்புடன்,
உன் ரூம்மேட்