பள்ளி வாசலில் தயங்கி நிற்பவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிக்கு முதன்முறை வரும் பெற்றோர் வாசலில் தேடுவது அலுவலகம் எந்தப் பக்கம் என்பதைத்தான். கண்ணில் படுவதோ 'அனுமதியின்றி உள்ளே வராதீர்' என்ற பலகை. அதையே 'வணக்கம். பார்வையாளர்கள் முதலில் அலுவலகத்துக்கு வரவும்' என்று அம்புக்குறியோடு எழுதலாம். பாதுகாப்பு ஒன்றும் குறைந்துவிடாது. 3 மீட்டர் தொலைவுக்குச் சுமார் 2.5 செ.மீ. உயர எழுத்து வேண்டும்; 12 மீட்டர் தள்ளியிருக்கும் கேட்டிலிருந்து படிக்க 10 செ.மீ. வேண்டும். பளபளக்கும் பலகை வெயிலில் கண் கூசும். மங்கல் பூச்சில், அடர்நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து நன்றாகத் தெரியும். வழி பிரியும் இடத்தில் ஓர் அம்புக்குறி விட்டுப்போனாலும் வந்தவர் வகுப்பறைகளை எட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

படி இருந்தால் சாய்தளம் கட்டாயம். 15 செ.மீ. உயரத்துக்கு 180 செ.மீ. நீளம், அதாவது 1:12. இடமில்லை என்று நீளத்தைக் குறைத்தால் சக்கர நாற்காலி பின்னால் சரியும். மேலே நாற்காலி நின்று திரும்ப 150 செ.மீ. சமதளம் விட வேண்டும். அழகுக்கு வைக்கும் பூந்தொட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்கின்றன. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பதிவேட்டுக்கு ஒரு மேசை, நூல் கட்டிய பேனா, நிழலில் இரண்டு நாற்காலி, குடிநீர். அவற்றோடு, நிமிர்ந்து பார்த்து 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்கும் ஒருவர்.

இப்படிக்கு,
பள்ளிக் கட்டடப் பராமரிப்புப் பணியாளர்கள்