அண்ணா, கசம் பரேடுக்கு நான் வர்றேன்

அண்ணா,

வர்றேன். எம்புள்ள பட்டாளத்துல உப்பு தின்னு சத்தியம் பண்ற அந்தப் பரேடுக்கு வர்றேன். முடிவு பண்ணிட்டேன். இத ஃபோன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா ஃபோன்ல நீ பேச ஆரம்பிச்சா நான் சொல்ல வந்தது பாதியிலயே நின்னுரும். வாட்ஸப்ல அனுப்பினா ஒரு கட்டைவிரல் போட்டு முடிச்சிருவ. அதான் உக்காந்து முழுசா எழுதறேன். நம்ம சொந்தத்துல பாதிப் பேர் இதப் படிப்பாங்கன்னு தெரியும், படிக்கட்டும். நம்ம தம்பி, அதான் எம்புள்ள, எந்த ட்ரெயினிங் சென்டர்ல இருக்கான், எந்த கம்பெனி, பரேடு என்னிக்கு, இது எதுவும் இதுல இருக்காது. எங்கயும் எழுதக் கூடாதுன்னு நீதான் சொன்ன, அத நான் மீறல.

காதுகுத்துல நடந்தத திரும்பக் கிளற வேண்டாம். பந்தில உக்காந்திருந்தவங்க எல்லாருமே பாத்தாங்க. குரல ஒசத்தினதுக்கு மன்னிச்சிருண்ணா. அண்ணி தட்டுல பாதி சாப்பாட்டோட எந்திரிச்சுப் போனாங்களே, அது இன்னும் எனக்கு உறுத்துது, அவங்ககிட்ட தனியாப் பேசிட்டேன். ஆனா நான் சொன்ன விஷயத்துக்கு மன்னிப்பு கேக்கல. எம்புள்ளைக்கு கால் எலும்புல அடின்னு எனக்கு முன்னாடி உனக்குத் தெரிஞ்சிருக்கு. எம்.ஐ. ரூம்ல, அதான் அவங்க வைத்தியம் பாக்கற ரூம்ல, படுத்திருந்திருக்கான், வாரக்கணக்கா நீ வாயே திறக்கல. அவன் வாய் தவறி "மாமாகிட்ட சொன்னேனேம்மா"ன்னு சொன்னதாலதான் எனக்குத் தெரிஞ்சுது, இல்லன்னா கடைசி வரைக்கும் நான் "நல்லா இருக்கேன்மா, சாப்டேன்மா"வ நம்பிட்டு உக்காந்திருப்பேன்.

ஞாயித்துக்கிழமை அவங்களுக்கு ஃபோன் குடுக்கற நேரம் எனக்கு எப்படிப் போகும்னு உனக்குத் தெரியுமா? காலைலயே சார்ஜ் ஃபுல்லா போட்டு, குளிக்கப் போனா பாத்ரூம் வாசல்ல ஸ்டூல் மேல வெச்சுட்டுத்தான் போவேன். கூப்பிடுவான், குரல் கட்டியிருக்கும், டிரில்ல கத்திக் கத்தி தொண்ட போயிருச்சும்பான், அப்பாவக் கேப்பான், நாய்க்குட்டியக் கேப்பான், வெச்சிரட்டுமாம்மாம்பான். அப்புறம் நான் உனக்கு அடிச்சுப் பாத்தா உன் லைன் பிஸி. அரை மணி நேரம் பிஸி. ட்ரெயினிங் குடுக்கற உஸ்தாத் என்ன சொன்னாரு, எதுக்கு ரக்ரான்னு தண்டனை வாங்கினான், ஃபயரிங்ல எத்தன பட்டுது, எல்லாம் உன்கிட்டதான். எனக்கு அவன் என்ன சாப்பிட்டான்னு மட்டும்தான் வருது.

சரி, அவன் உன்கிட்ட பேசறதுல எனக்குப் பொறாமை இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. நாலு வயசுல அவன் தோசைத் திருப்பிய தோள்ல வெச்சுக்கிட்டு "வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு"ன்னு உங்க ரெஜிமென்ட் கோஷத்தப் போட்டுக்கிட்டு கூடம் பூரா ஓடினப்பவே அது உன் வேலைதான்னு தெரியும். நீ லீவுல வந்தா அவன் என் பக்கத்துல படுக்க மாட்டான். மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758ல ஆரம்பிச்ச ரெஜிமென்ட்டுன்னு ஸ்கூல்ல போய்ச் சொல்லி மிஸ்கிட்ட கைதட்டு வாங்கிட்டு வந்தவன் அவன். எனக்கு அப்ப சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

அவனுக்காக நீ பண்ணினத நான் மறக்கலண்ணா. சனி ஞாயிறு ஆனா ஏற்காடு பஸ் ஏறிருவான், விடியறதுக்கு முன்னாடி எஸ்டேட் ரோட்டுல அவன் ஓட, பின்னாடி நீ டிவிஎஸ் எக்ஸ்எல்ல ஹெட்லைட் போட்டுக்கிட்டு வருவியாம். மலையில மூச்சப் பழக்கிட்டா கீழ சமதரைல சுலபம்னு நீதான் சொல்லிக்குடுத்த. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கற டெஸ்ட்ல 1.6 கிலோமீட்டர அஞ்சரை நிமிஷத்துல முடிச்சா முழு மார்க் 60, பத்து புல் அப் எடுத்தா 40, அப்புறம் ஒம்போது அடி பள்ளம் தாண்டறது, ஜிக் ஜாக் கட்டையில நடக்கறது, இதெல்லாம் எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. சேலம் காந்தி ஸ்டேடியத்துல மொத மொதலா அஞ்சரைக்குள்ள வந்தப்ப அவன் எனக்கு அடிக்கல, உனக்கு அடிச்சான், நீதான் எனக்கு அடிச்சு அழுத. நீ அழுது நான் கேட்டது அன்னிக்குத்தான். ஷூ வாங்கிக் குடுத்த காச நான் திருப்பித் தந்தப்ப நீ வாங்கல. மிளகு வித்த காசுன்னு அண்ணி சொன்னாங்க.

ஆனா நீ போனப்ப அது வேலைண்ணா. சர்வீஸ முடிச்சுட்டு பென்ஷனோட வந்த. இவனுக்கு நாலு வருஷம். 2022 ஜூன்ல அக்னிபாத்னு அறிவிச்சப்பவே அந்தக் கணக்க எல்லாம் பால் நோட்டுப் பின்னாடி எழுதி வெச்சேன், இன்னும் இருக்கு. மொத வருஷம் மாசம் 30,000, அதுல 9,000 புடிச்சுக்கிட்டு கைக்கு 21,000, நாலாவது வருஷம் 40,000, முடிஞ்சு வரும்போது சேவா நிதின்னு சுமாரா 11.71 லட்சம். பென்ஷன் கிடையாது. நூத்துக்கு 25 பேர் வரைக்கும் மட்டும்தான் அப்புறமும் இருக்க முடியும். இத நான் கேட்டப்ப நீ "அவன் அந்த 25ல வருவான்"ன்ன. வரட்டும், நானும் அதத்தான் சாமிகிட்ட கேக்கறேன். ஆனா 48 லட்சம் இன்சூரன்ஸ் இருக்குன்னு எனக்குத் தைரியம் சொல்ற மாதிரி சொன்ன பாரு, நான் எந்திரிச்சு அடுப்பங்கரைக்குப் போனது அப்பதான். அந்தப் பணம் எப்ப வரும்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு சொல்லியிருக்கலாம். ஸ்கீம பத்தி இதுக்கு மேல எழுதல. அவன் யூனிஃபார்ம்ல இருக்கான், அம்மா இப்படி எழுதினான்னு நாளைக்கு யாரும் அவன்கிட்ட எடுத்துக் காட்டக் கூடாது.

"ட்ரெயினிங்தானே, நான் பாக்காததா, ஒண்ணும் ஆகாது." எத்தன தடவ சொல்லிட்ட இத. நீ பாத்தது உள்ள இருந்துண்ணா. நீ போனதுக்கு அப்புறம் வீடு எப்படி இருந்துச்சுன்னு நீ பாக்கல. நான் பாத்தேன். அதத்தான் இன்னிக்கு உனக்குச் சொல்லணும், இத்தன வருஷமா சொல்லல.

1996, மார்கழி. நான் ஏழாவது. அப்பா அப்ப எந்த நிலைமையில இருந்தாருன்னு உனக்குத் தெரியும், விடு. நீ ட்ரெயினிங்ல இருந்த வெலிங்டன்ல இருந்து உன்னோட இன்லாந்து லெட்டர் வந்துச்சு. காபிப் பழம் பறிக்கற சீசன், அம்மா எஸ்டேட்டுல இருந்து இருட்டினப்புறம்தான் வந்துச்சு, கை கூட கழுவல, வெரல் எல்லாம் பிசுபிசுன்னு கருப்பு, அப்படியே வாசப்படில உக்காந்துக்கிட்டு "படி சாமி"ன்னுச்சு. நான் மத்தியானமே ஒரு வாட்டி படிச்சிருந்தேன். பூட்ஸ் கடிச்சு ரெண்டு குதிகாலும் தோல் உரிஞ்சு சாக்ஸோட ஒட்டிக்குதுன்னு எழுதியிருந்த, ராத்திரி கம்பளிக்குள்ள அழறேன்னு எழுதியிருந்த, மலை தாண்டி ஓடி வந்துரலாமான்னு தோணுதுன்னு எழுதியிருந்த. கடைசில "இத அம்மாகிட்ட சொல்லாத"ன்னு வேற. எனக்குப் பன்னெண்டு வயசுண்ணா. நான் என்ன பண்ணுவேன். சப்பாத்தி போடறாங்களாம், தினம் முட்டையாம், கூட இருக்கற பசங்க நல்ல பசங்களாம், குளிர் நம்ம ஊர் குளிர் மாதிரிதானாம்னு வாய்க்கு வந்தத சேத்துப் படிச்சேன். அம்மா கேட்டுட்டு சிரிச்சுது. அப்புறம் "இன்னொரு வாட்டி படி"ன்னுச்சு. ரெண்டாவது வாட்டி படிக்கும்போது முட்டைய விட்டுட்டேன், கறின்னு சொல்லிட்டேன். அம்மா ஒண்ணும் கேக்கல. லெட்டர வாங்கி மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சுக்குச்சு.

மறுநாள் எஸ்டேட்டுக்குப் போகல. கூலி போகும்னு தெரிஞ்சும் போகல. செருப்பக் கழட்டி வாசல்ல விட்டுட்டு "வா, சேர்வராயன் கோயிலுக்குப் போய்ட்டு வரலாம்"ன்னுச்சு. அந்தக் குளிர்ல, புல்லு மேல பனி அப்படியே வெள்ளையா கெடக்கு, ஜல்லி ரோட்டுல அம்மா வெறுங்கால்ல நடக்குது, நான் செருப்போட பின்னாடி ஓடறேன், கழட்டறேன்னா வேண்டாங்குது. போற வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல. உள்ள குனிஞ்சு போனோம், கோயில் உள்ள இருட்டு உனக்குத்தான் தெரியுமே, விளக்கு மட்டும்தான் எரியுது. பூசாரி யார் பேருக்குன்னு கேட்டாரு. அம்மா உன் பேரச் சொல்லிட்டு, "பையனுக்கு ரெண்டு குதிகாலும் உரிஞ்சு கெடக்கு சாமி, அது ஆறணும், அவன் ஓடி வந்துரக் கூடாது"ன்னுச்சு.

நான் பின்னாடிதான் நின்னேன். என்னை அது திரும்பிக்கூடப் பாக்கல.

காலையிலயே வாத்தியார் வீட்டுக்குப் போய் படிச்சுக் கேட்டுட்டு வந்திருக்கு. அதுக்கப்புறம் நீ போட்ட ஒவ்வொரு லெட்டரும் அப்படித்தான், சாயங்காலம் என்கிட்ட குடுத்து நான் படிக்கறதக் கேக்கும், சிரிக்கும், மறுநாள் வாத்தியார்கிட்ட கொண்டு போகும். என்கிட்ட ஒரு நாளும் கேக்கல, ஏன் மாத்திப் படிச்சேன்னு. உன்கிட்டயும் சொல்லியிருக்காது. நீ லீவுல வந்தப்ப கால காட்டுடான்னு மட்டும் சொல்லிச்சே, நீ கூட "என்னம்மா திடீர்னு"ன்னு சிரிச்ச. அதுக்குத்தான்.

அப்ப நீயும் மறைச்சேன்னு சொல்லுவ. ஆமா மறைச்சேன். நான் செஞ்சது தப்புன்னு இப்பவும் நினைக்கல, நீ லெட்டர்ல சொன்னத நான் செஞ்சேன், அந்த வயசுல அம்மா சிரிக்கணும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனா உனக்கு அம்பது நெருங்குது. கால் சரியாகலன்னா ரெலிகேட் பண்ணி அடுத்த பேட்சுல போட்டுருவாங்கன்னு அவன் பயந்து செத்திருக்கான். எலும்புல கீறல்ங்கறது ரங்ரூட்டுங்களுக்கு, அதான் புதுசா சேந்த பசங்களுக்கு, சகஜம், ஓய்வு குடுத்தா ஆறிடும்னு இப்ப டாக்டர் சொல்லி எனக்கும் தெரியும், யார் மேலயும் குத்தம் இல்ல. அவன் பயந்துட்டிருந்த அந்த நாள்ல எல்லாம் நான் இங்க சீரியல் பாத்துட்டு இருந்திருக்கேன். கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு புதுப் புடவ கட்டிட்டு சேலம் குகை ஏரியாவுல வண்டி வேடிக்கை ஊர்வலம் பாத்துட்டு ஃபோட்டோ அனுப்பியிருக்கேன். நீயும் அதுக்கு "சூப்பர்"னு போட்டிருக்க. அம்மாவுக்கு வெறுங்கால்ல நடக்கவாவது ஒரு நாள் கெடச்சுது. எனக்கு அது கூட நீ குடுக்கல.

உன் மச்சான் எப்படி இருக்காருன்னு கேட்டியாம். பேச மாட்டாரு, உனக்குத் தெரிஞ்சதுதான். பட்டறையில கொலுசுக்குப் பத்த வெச்சுக்கிட்டே நடுவுல ஃபோன எடுத்து அந்த ஊர் வெதர் பாப்பாரு. "இன்னிக்கு மழையாம்"பாரு. அவ்வளவுதான். நான் நாலு மணிக்கு எந்திரிச்சிடறேன், பழக்கம் போகல, கொண்டக்கடலை ஊற வைக்கறதும் நிக்கல, அவரு ஒண்ணும் சொல்லாம அதையே சாப்பிட்டுட்டுப் போறாரு. ரோட்டுல ட்ராக் பேன்ட்டு போட்டுக்கிட்டு பசங்க ஓடினா சத்தம் கேட்டு வாசலுக்கு வந்துடறேன், எல்லாப் பையனும் முதுகுல ஒரே மாதிரி இருக்கானுங்க.

நான் வரவே மாட்டேன்னு அன்னிக்குச் சொன்னேன்ல. வந்தா அவன அந்த வரிசைல பாத்து "சரி, எடுத்துக்கோங்க"ன்னு நானே குடுக்கற மாதிரி ஆயிரும்னு தோணுச்சு. மனசு மாறினதுக்குக் காரணம் தம்பி மட்டும் இல்லண்ணா, நீயும்தான். உன் கசம் பரேடுக்கு நம்ம வீட்ல இருந்து யாரும் வரல. குடும்பத்தக் கூப்பிடுவாங்கன்னே எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் மேட்டுப்பாளையம் வரைக்கும் போக பஸ்ஸுக்குக் காசு இருந்திருக்காது. எல்லார் அம்மா அப்பாவும் வந்தாங்க, உப்பு தின்னு சத்தியம் பண்ணிட்டுத் திரும்பினா எனக்கு மட்டும் யாரும் இல்லன்னு நீ சொல்லியிருக்க. நீ அத எப்பச் சொல்லுவன்னு உனக்கே தெரியும், அத இங்க எழுத மாட்டேன். கேக்கும்போதெல்லாம் எனக்குக் கோவம்தான் வரும், அம்மாவக் குத்தம் சொல்றியோன்னு. அம்மா உனக்காக நடந்தது உனக்குத் தெரியாதேன்னு. இப்ப சொல்லிட்டேன், இனிமே அப்படிச் சொல்லாத.

தம்பி திரும்பிப் பாக்கும்போது ஆள் இருக்கணும். நானும் அவரும் வர்றோம், நீயும் அண்ணியும் வாங்க. நீ பழைய மெடல குத்திக்கிட்டு வா, அவனுக்கு அது வேணும். அங்க வந்து அழாதன்னு என்னை அதட்டாத, அழுவேன். அவன் கால நான் பாக்கணும், எல்லார் முன்னாடியும் பூட்ஸ கழட்டச் சொல்ல மாட்டேன், பயப்படாத, ரூமுக்கு வந்தப்புறம்.

ஒண்ணே ஒண்ணு. கிளம்பறதுக்கு முன்னாடி, அவன் கால்ல என்ன ஆச்சு, எத்தன நாள் படுத்திருந்தான், இப்ப ஓடறானா, டாக்டர் என்ன எழுதிக் குடுத்தாரு, அவன் உனக்கு அனுப்பின மெசேஜ் எல்லாத்தையும் அப்படியே எனக்கு ஃபார்வர்டு பண்ணிரு. நீ சுருக்கிச் சொல்ல வேண்டாம். எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் தங்கச்சி