பொருந்தாத என் படம் எங்கே போனது?

தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இண்டூர் பக்கம் சாமந்தி போடுகிறவன் நான். போன மாதம் ஒருநாள் விடியற்காலை மூன்றரை மணி இருக்கும், எக்ஸெல் வண்டியில் இரண்டு மூட்டைப் பூ கட்டிக்கொண்டு தருமபுரி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரோந்து போலீஸ் நிறுத்தினார்கள். பெயர், ஊர் கேட்டார்கள், சொன்னேன். மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்கள், அவிழ்த்தேன். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்தில் ரோட்டில் போலீஸ் நிற்பது எங்களுக்குத் தைரியம்தான்.

அப்புறம் தலைத்துண்டை எடுக்கச் சொல்லி, முகத்தில் டார்ச் அடித்து, ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். "கண்ணை நல்லா முழி" என்றார். வெளிச்சத்தில் கண் கூசித் தண்ணீர் வந்துவிட்டது. இன்னொரு தடவை எடுத்தார். திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "சரி, போ" என்றார். "போட்டோ எதுக்குங்க சார்?" என்றேன். "போன்னா போ."

தமிழ்நாடு காவல்துறையிடம் முகத்தை அடையாளம் காணும் செயலி இருக்கிறது. எடுத்த படத்தைப் பழைய குற்றவாளிகளின் படங்களோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். என் முகம் யாரோடும் பொருந்தவில்லை, விட்டுவிட்டார்கள். பொருந்தாத அந்தப் படம் என்ன ஆனது?

கைதானவர்களின் படம், கைரேகை எடுக்க 2022ல் மத்திய அரசு சட்டம் போட்டது. 75 ஆண்டு வைத்திருக்கலாமாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் வழக்கில் விடுதலையானால், நீதிமன்றம் வேறு உத்தரவு போடாதவரை அதையெல்லாம் அழித்துவிட வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கைதாகி வெளியே வந்தவருக்கு அந்த வழியாவது உண்டு. கைதே ஆகாத எனக்கு அதில் ஒரு வரி கிடையாது.

ராத்திரியில் வீடு தேடி வந்து கண்காணிக்கிற உத்தரப் பிரதேசப் போலீஸ் விதியை 1962லேயே உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பில் சொல்லிவிட்டது. அது மாற 55 வருஷம் ஆனது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அது உரிமைதான் என்றார்கள். அதில் அரசு கை வைக்க முதலில் ஒரு சட்டம் வேண்டும் என்றும் சொன்னார்கள். ரோட்டில் என்னைப் படம் எடுத்தது எந்தச் சட்டப்படி?

ரேகைச் சட்டம் என்று நம் பெரியவர்கள் சொல்லும் குற்றப்பரம்பரைச் சட்டம் 1947ல்தான் இந்த மாகாணத்தில் ஒழிந்தது. ஒரு தப்பும் செய்யாதவர்கள், இன்ன சாதியில் பிறந்தார்கள் என்பதற்காகவே பெருவிரலில் மை தடவிக்கொண்டு நின்றார்கள். படம் எடுத்த அன்று எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சட்டசபையில் எனக்காக இதைக் கேளுங்கள். பொருந்தாத படங்களை வைத்திருக்கிறார்களா? எத்தனை நாளில் அழிக்கிறார்கள்? யார் யார் பார்க்கலாம்? பதில் இல்லையென்றால், ஒரு சட்டம் வரும்வரை வழியில் போகிறவர்களைப் படம் எடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆயுதபூஜை வருகிறது. அந்த வாரம் முழுக்க நான் இருட்டில்தான் வண்டி எடுக்க வேண்டும். அதற்குள் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இண்டூர் பக்கத்துப் பூ விவசாயி