மாலைக்கண் அல்ல, மரபணு

ஆசிரியர் அவர்களுக்கு,

என் தங்கை மகனுக்கு வயது 19. விளக்கு வைத்த பிறகு தறியில் அறுந்த பாவு நூலை விரலால் தடவித்தான் தேடுகிறான். மாலைக்கண் என்று பொன்னாங்கண்ணியும் மீன் எண்ணெயும் கொடுத்தே நான்கு ஆண்டுகளை நாங்கள் வீணாக்கினோம். விழித்திரையின் மரபணுப் பழுது என்பது வேலூரில் பரிசோதித்த பிறகே தெரிந்தது. (தங்கையைத் தாய்மாமனுக்கே கொடுத்தோம், வேறென்ன சொல்ல?)

விழித்திரைக்குரிய 'ஆர்பிஇ65' என்ற ஒரே மரபணுவின் பழுதுக்கு 2017இல் அமெரிக்கா அனுமதித்த சிகிச்சை, இரு கண்களுக்கும் 8,50,000 டாலர். இப்படிப் பழுதாகக்கூடிய மரபணுக்களோ நூற்றுக்கும் மேல். எஞ்சியவற்றுக்கு வழி தேடும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு, வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் அரசு தனி உதவித்தொகை ஒதுக்கலாமே. அதையும் மாதந்தோறும் தவறாமல் கொடுக்க வேண்டும்.

- ஒரு நெசவாளர், குடியாத்தம்