முதலில் ஃப்ரேம், அப்புறம் பை

டென்வர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. மகளுக்கு ஆஸ்டினில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். வசந்தி உன் வீட்டுக்காரியிடம் தனியாகப் பேசுகிறேன் என்கிறாள். முழங்கால் இப்போது பரவாயில்லை என்று எழுதிவிட்டு, நாலு வரி தள்ளி மாடிப்படியைத் திட்டியிருக்கிறாய். அதை மனதில் வைத்துத்தான் மற்றதைச் சொல்கிறேன்.

அக்டோபரில் எல்க் எனும் அந்தப் பெரிய மானை வேட்டையாட இங்கே வர லைசென்ஸ் வாங்கியாயிற்று, முதுகுப் பைதான் பாக்கி. ஒரே நாளில் போய்த் திரும்ப ஒன்று, ஐந்து நாள் மலையில் தங்க ஒன்று என இரண்டாக வாங்கட்டுமா என்று கேட்கிறாய். வேண்டாம், ஒன்றே போதும். ஆனால் நீ படம் அனுப்பிய இரண்டும் வேண்டாம்.

டெக்ஸஸில் நீ பழகிய வேட்டை வேறு மாதிரி. அந்த மாநில நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. குத்தகை நிலத்தில் பரண் மேல் உட்காருகிறாய், மான் விழுந்தால் வண்டியைப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிறாய். தெர்மாஸ், பைனாகுலர், கத்தி, ரெண்டு சாண்ட்விச் வைக்க ஒரு சின்னப் பை இருந்தால் தீர்ந்தது. அதன் ஜிப் சத்தம் போடக்கூடாது, அவ்வளவுதான். அந்த வேட்டைக்கு யாராவது உன்னிடம் 600 டாலர் பையை விற்கப் பார்த்தால் வாசலோடு அனுப்பிவிடு.

இங்கே நாம் போகப்போவது மீக்கர் ஊருக்குக் கிழக்கே இருக்கும் ஃபிளாட் டாப்ஸ் மலைப்பகுதி. கொலராடோவின் மிகப் பெரிய எல்க் கூட்டம் அந்தப் பக்கம்தான் திரிகிறது. காட்டை இயற்கையாகவே விட்டுவைக்கும் 1964-ஆம் ஆண்டு வில்டர்னெஸ் சட்டத்தின் கீழ் வரும் இடம் என்பதால் எல்லைக்கு உள்ளே மோட்டார் வண்டி கிடையாது. சக்கரம் வைத்த தள்ளுவண்டிகூடக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. இறைச்சி வெளியே வர இரண்டே வழி: குதிரையின் முதுகு, இல்லாவிட்டால் நம் முதுகு. குதிரைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டால் உனக்கு முழங்கால் வலி மறந்துபோகும்.

கொஞ்சம் எடைக்கணக்குப் பார். வளர்ந்த ஆண் எல்க் உயிரோடு 300 கிலோவுக்கு மேல் இருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சியே 80 முதல் 100 கிலோ தேறும். ஒரு பின்னந்தொடையை எலும்போடு எடுத்தால் 25, 30 கிலோ. தின்னக்கூடிய கறியைக் காட்டில் விட்டுவிட்டு வர இந்த மாநிலச் சட்டம் இடம் தராது. கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தால் பெரிய குற்றம். சட்டத்தைத் தள்ளிவை, அவ்வளவு பெரிய உயிரைக் கொன்றுவிட்டுப் பாதியை நரிக்கு விட்டுவர மனசு வருமா? ஆக, நம் இரண்டு பேர் முதுகில்தான் அத்தனையும் இறங்கவேண்டும். பையைத் தேர்ந்தெடுக்கிற ஆள் நீயில்லை, அந்த எல்க்தான்.

“ஒரு நாள் பை” என்று கடையில் விற்பதில் எனக்குள்ள சண்டையும் இதுதான். முகாமிலிருந்து காலையில் கிளம்புகிறோம், நாலைந்து கிலோமீட்டர் தள்ளி மாலையில் எல்க் விழுகிறது என்று வைத்துக்கொள். முதுகில் இருப்பது ஃப்ரேம், அதாவது சுமையைத் தாங்கும் விறைப்பான சட்டம், இல்லாத 30 லிட்டர் துணிப்பை என்றால், எல்க்கை வெட்டிக் கூறுபோட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்து வரவேண்டும். மறுநாள் அதே சரிவில் ஒரு நடை கூடுதல். ஃப்ரேம் இருந்தால் திரும்பும்போதே முதல் சுமை வந்துவிடும். ஒரு நாள் வேட்டைக்குத்தான் ஃப்ரேம் அதிகம் தேவை என்பேன்.

வாங்கும்போது பையையும் ஃப்ரேமையும் பிரிக்க முடிகிறதா என்று பார். நல்ல வேட்டைப் பைகளில் பையின் பட்டைகளைத் தளர்த்தினால் அது ஃப்ரேமை விட்டு விலகி நிற்கும். நடுவில் கிடைக்கும் இடத்தில் இறைச்சியை வைத்து இறுக்கிக் கட்டலாம். கனமான பொருள் முதுகோடு ஒட்டி நின்றால்தான் ஆள் பின்னால் சாயாமல் நடக்க முடியும். பைக்குள்ளே போட்டால் சுமை வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், ஸ்லீப்பிங் பேக்கும் ரத்தத்தில் ஊறும். கறி தோள்பட்டை உயரத்தில் நிற்கவேண்டும், அடியில் தொங்கினால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இழுக்கும். பை எதுவானாலும் காற்றோட்டமுள்ள துணி உறைகள் நாலைந்து எடுத்துவா. இறைச்சி சீக்கிரம் ஆறவேண்டும்; பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடினால் கெட்டுவிடும்.

ஃப்ரேம் கார்பன் ஃபைபரா அலுமினியமா என்று ரொம்ப மண்டையை உடைத்துக்கொள்ளாதே. எடை ஏறும்போது மடங்காமல் நிற்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டியது. முதுகில் 35 கிலோ ஏறியதும் ஃப்ரேம் குனிந்தால் பாரம் முழுக்கத் தோளுக்கு வந்துவிடும். அது இடுப்பில் இறங்கவேண்டும். இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல் விளிம்பைக் கவ்வி உட்காரவேண்டும். வயிற்றில் கட்டினால் மூச்சு முட்டும். ஃப்ரேமின் உச்சி தோளுக்கு மேலே கொஞ்சம் உயர்ந்திருக்கட்டும். அங்கிருந்து தோள்பட்டைக்குச் சரிந்து வரும் சின்னப் பட்டையை இழுத்தால் தோள் லேசாகும். ஃப்ரேம் அவ்வளவு உயரம் இல்லாவிட்டால் அந்தப் பட்டை சும்மா அலங்காரம். இந்த அலுமினிய ஃப்ரேம், இடுப்புப் பட்டை ரெண்டையும் இங்கே பரப்பியவர் கலிஃபோர்னியாவின் டிக் கெல்ட்டி. 1952-இல் தொடங்கினார். அதுவரைக்கும் மனிதர்கள் தோளாலேயே மலையைச் சுமந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கே தோள் வலிக்கிறது.

கடையில் வெறும் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாங்காதே. மணல் மூட்டை வைத்திருப்பார்கள், 25 கிலோ ஏற்றச் சொல்லி அரை மணி நேரம் நட. வெட்கப்படாதே, அந்த விலைக்கு அரை மணி நேரம் பெரிதில்லை. ஆன்லைனில் வாங்கினால் வீட்டில் அரிசி மூட்டையை வைத்துப் பார்.

கொள்ளளவை இங்கே கன அங்குலத்தில் சொல்லிக் குழப்புவார்கள். 1000 கன அங்குலம் என்றால் 16 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ஐந்து நாளுக்குக் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், அடுப்பு, சாப்பாடு, குளிருக்கு உடுப்பு எல்லாம் சேர்த்து 5000, அதாவது 80 லிட்டர் வேண்டும். ஒரு நாளுக்கு 30, 40 லிட்டர் போதும். 80 லிட்டர் பையைச் சுருட்டி ஃப்ரேமோடு இறுக்க முடிந்தால் அதுவே ஒரு நாள் பையாகிவிடும். முகாமில் சாமானைக் கொட்டிவிட்டு, தண்ணீர், மழைக்கோட்டு, ஸ்வெட்டர், கத்தி, துணி உறைகள், ஹெட்லேம்ப், முதலுதவி மட்டும் போட்டுக் கிளம்பலாம். சுருங்காமல் தொளதொளவென்று ஆடும் பை எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

நீ பெயர் கேட்பாய். மான்டானாவின் போஸ்மனில் தொடங்கிய மிஸ்டரி ரான்ச், ஸ்டோன் கிளேசியர் இரண்டும், ஐடஹோவின் பாய்ஸியில் எக்ஸோவும் இந்த வகை ஃப்ரேமில் பேர் பெற்றவை. எதுவும் மலிவில்லை. எது நல்லது என்று சண்டை போட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உன் முதுகுக்கு எது பொருந்துகிறதோ அதை வாங்கு, அந்தச் சண்டையில் நீ சேராதே.

துணி மரக்கிளையில் உரசும்போது சரசரவென்று கேட்கக்கூடாது. விரல் நகத்தால் கீறிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெல்க்ரோ எந்த இடத்திலும் வேண்டாம். ரப்பர் குழாய் வைத்த தண்ணீர்ப் பை வேண்டாம், விடிகாலையில் குழாய் உறைந்துவிடும், சாதா பாட்டில் கொண்டுவா. பச்சைப் புள்ளி போட்ட உருமறைப்புத் துணிக்குக் கூடுதல் காசு கொடுக்காதே. ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் நிறமும், தலையில் அதே நிறத் தொப்பியும் இருக்கவேண்டும் என்பது கொலராடோ விதி. பெரிய பை மாட்டினால் அங்கியின் முதுகு மறைந்துபோகும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. நான் பையின் மேலேயும் ஒரு ஆரஞ்சுத் துணியைக் கட்டிவிடுவேன். மானுக்கும் எல்க்குக்கும் ஆரஞ்சு நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. பின்னால் வரும் வேட்டைக்காரனுக்குத் தெரியவேண்டும், அதுதான் எனக்கு முக்கியம்.

ஊருக்குப் பேசும்போது அம்மாவிடம் இதெல்லாம் சொல்லிவிட்டாயா? நம் நாட்டில் 1972 சட்டத்துக்கு அப்புறம் மானைத் தொட்டால் ஜெயில் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இங்கே லைசென்ஸ் உண்டு, பரீட்சை எழுதித் தேறியிருக்கிறாய் என்று சேர்த்தே சொல். சத்துமாவு அனுப்புவார் என்றால் ஒரு கிலோ எனக்கும். மலையில் வெந்நீரில் கரைத்துக் குடிக்க அதைவிட எடை குறைந்த சாப்பாடு இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை.

முழங்காலுக்கு ஊன்றுகோல் இரண்டு கட்டாயம், சுமையோடு இறங்கும்போது உயிர் அதில்தான் இருக்கும். வேட்டை தொடங்க மூன்று நாள் முன்னாலேயே வந்துவிடு. நாம் இருக்கப்போவது 10,000 அடியில், உன் ஊரோ கடல் மட்டத்தில் இருக்கிறது.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய். தலையைக் குனி, கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பின் உயரம் வரைக்கும் முதுகெலும்போடு டேப் வைத்து உன் மனைவியை அளக்கச் சொல்லி, அங்குலத்தில் எழுதி அனுப்பு. என் பழைய ஃப்ரேம் பரணில் சும்மா கிடக்கிறது. 18 அங்குலத்தை ஒட்டி வந்தால் நீ ஒன்றுமே வாங்க வேண்டாம்.

அன்புடன்,
பாலு