அந்தப் பூஜ்ஜியத்துக்கு எது சாட்சி? கடலாய்வு நிதிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிதிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சுறா, திருக்கைக் கணக்கெடுப்பில் அட்டவணை ஒப்படைக்கப்பட்ட இடங்களின் மூல வீடியோக்களை அழித்துவிட்டு, அதே ஹார்டு டிஸ்குகளை அடுத்த பருவத்துக்குப் பயன்படுத்தச் சொல்லி நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. முதல் தொகுதி அழிக்கப்பட்டும் விட்டது. மிச்சம் இருப்பதையாவது விட்டுவையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

இரையும் கேமராவும் மாட்டிய சட்டத்தைக் கடலடியில் இறக்கி, ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ விட்டு எடுப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்புறம் அந்த வீடியோவை ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறாரே, அங்கே நடப்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு பதிவில் இரை வைத்த பைக்கு அப்பால் வெறும் மணல். நெடுநேரம் ஒன்றுமில்லை. திடீரென ஓரிடத்தில் மணல் லேசாகக் கிளம்பி அடங்கியது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, பிரேம் பிரேமாகப் பார்த்தால் மணலுக்கு மேலே இரண்டு கண்கள், அவற்றை ஒட்டி மூச்சுத் துளைகள் திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. உடல் முழுக்கப் புதைந்திருந்த திருக்கை. அது எழுந்து போனபோது வாலும் முதுகின் ஓர் ஓரமும் கண நேரம்தான் தெரிந்தன. நான் ஓர் இனம் என்று குறித்தேன். தனியாகப் பார்த்த இன்னொருவர் வேறு இனம் என்றார். இப்படி வந்தால் மூத்த ஆய்வாளர் மூன்றாவதாகப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். கெடு நெருங்கியதால் அந்த ஒரு வரியை நிலுவையில் வைத்தே அட்டவணையைக் கொடுத்தோம். அவர் கோப்பைத் திறக்கப் போனபோது டிஸ்க் காலியாக இருந்தது. 'திருக்கை, இனம் தெரியவில்லை' என்று அந்த வரி அப்படியே நிற்கிறது. இனி அதை யாராலும் திருத்த முடியாது.

எண்ணிக்கைதான் இருக்கிறதே என்பீர்கள். வந்த சுறாவே மறுபடி வந்தால் இரண்டாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, ஒரே பிரேமில் அதிகபட்சம் எத்தனை தெரிகின்றன என்பதை மட்டும் குறிக்கிறோம். நல்ல முறைதான். ஆனால் அந்த எண்ணில் ஆணா பெண்ணா என்பது இல்லை, வாயோரம் தொங்கும் தூண்டில் முள் இல்லை, முதுகில் ஆறிய வெட்டு இல்லை. இரண்டு கேமரா வைத்து எடுத்த பதிவில் உடல் நீளத்தைக்கூட அளக்கலாம். அதற்கும் வீடியோ இருக்க வேண்டுமே.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது அட்டவணையில் வரும் பூஜ்ஜியம். பவளத்திட்டுச் சுறாக்களை உலகளவில் கணக்கெடுத்த குளோபல் ஃபின்பிரிண்ட் திட்டத்தில் 58 நாடுகளின் 371 பவளத்திட்டுகளில் கேமராக்களை இறக்கினார்கள். 15,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட வீடியோ. கிட்டத்தட்ட 20 சதவீதத் திட்டுகளில் ஒரு சுறாகூடக் கண்ணில் படவில்லை என்று 2020இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஒரு கடலில் சுறா இல்லை என்று சொல்வது பெரிய குற்றச்சாட்டு. அன்றைக்குத் தண்ணீர் கலங்கியிருந்ததா, சட்டம் சரிந்து கேமரா தரையைப் பார்த்துக் கிடந்ததா என்று சந்தேகப்படுகிறவருக்கு எதைக் காட்டுவது? வீடியோ இருந்தால் காட்டலாம். இல்லாவிட்டால் எங்கள் வாய்வார்த்தைதான் மிச்சம்.

இனங்களின் பெயரும் நிலையாக நிற்பதில்லை. ஒரே இனம் என்று நம்பியிருந்த மாண்டா திருக்கையை 2009இல் இரண்டாகப் பிரித்தார்கள். தோளில் உள்ள வெள்ளைத் தழும்பின் வடிவம், வாயைச் சுற்றியுள்ள நிறம் எல்லாம் பார்த்துத்தான் இது எது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் வெறுமனே 'மாண்டா' என்று எழுதிவைத்த குறிப்பைப் படம் இல்லாமல் எப்படிப் பிரிப்பது? நாளைக்கு வேறொரு திருக்கைக்கும் இதே நிலை வரலாம்.

வலையிலோ தூண்டிலிலோ பிடித்த மீனின் உடல் அருங்காட்சியகக் குப்பியில் தலைமுறைகள் தாண்டியும் இருக்கும். நாம் ஒரு சுறாவையும் கொல்லாமல் ஆய்வு செய்கிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். எனக்கும் அதில் பெருமைதான். அப்படியானால் நமக்குக் குப்பி அந்த வீடியோதான். அதை அழிக்காதீர்கள்.

இது டிஸ்கோடு நிற்கிற விஷயமும் இல்லை. படகுக்குப் பணம் வருகிறது, புதுக் கேமராவுக்கு வருகிறது. எடுத்ததைப் பார்ப்பதற்கும் பத்திரமாக வைப்பதற்கும் கேட்டால் மட்டும் ஒதுக்கீடு இல்லை என்கிறீர்கள். மீனைத் தானே அடையாளம் காணும் மென்பொருளுக்கு நிதி கொடுக்கிறீர்கள். அதற்குப் பயிற்சி கொடுக்க இதே பழைய வீடியோக்கள்தானே வேண்டும்? பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வீடியோவும் போய்விட்டால் அடுத்து வருபவர் எதை வைத்துக் கற்றுக்கொள்வார்?

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிதி இல்லாமல் இந்தப் பதிவுகளே இல்லை என்பது எனக்குத் தெரியும். சேமிப்புக்கு ஆகும் செலவும் சின்னதல்ல. ஆகவே பணிவோடு கேட்கிறேன்: அடுத்த கூட்டத்தில் இது முடிவாகும்வரை எந்த மூல வீடியோவையும் அழிக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அடுத்த நிதியறிக்கையில் படகுச் செலவுக்குப் பக்கத்தில் சேமிப்புச் செலவுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். முதல் தொகுதியின் நகல் யாரிடமாவது தப்பியிருக்கிறதா என்று விசாரித்துச் சொன்னால், அந்தத் திருக்கையை இன்னொரு முறை பார்த்துவிடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் திட்டத்தின் வீடியோக்களைப் பார்த்து எண்ணுபவர்களில் ஒருவர்